பிடிப்பவர் இலக்கணம்: நோட்டுக் கபடியில் தடுப்பாளரைத் தேர்தல் குறித்து ஓர் ஆய்வு

தாமிரபரணிக் கரையில் தீராத சிக்கல்கள் மிகக் குறைவு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கே ஆய்வுக்கூடத்தில் வயது கணித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் புரோ கபடி நடக்கும் மாதங்களில், மாலை ஏழு மணிவாக்கில் கொக்கிரகுளத்து டீக்கடை பெஞ்சில் எழும் ஒரு கேள்விக்கு மட்டும் எந்த ஆய்வுக்கூடமும் விடை சொன்னதில்லை. நம் அணிக்கு எந்தத் தடுப்பாளரை எடுப்பது? இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

1. ஆய்வின் எல்லை

கற்பனை அணி என்பது, களத்தில் இறங்கப்போகும் இரண்டு அணிகளிலிருந்து ஏழு பேரை நூறு கிரெடிட்டுக்குள் பொறுக்கி எடுத்து, அவர்கள் வியர்வை சிந்திச் சேர்க்கும் புள்ளிகளை நம் சாமர்த்தியமாகக் கொண்டாடும் கலை. கேப்டனுக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. செல்போன் செயலிகளில் பணம் கட்டி இதை ஆடிய காலம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தோடு முடிந்தது. இப்போது அந்த வேலையை ஒரு கோடு போட்ட நோட்டு பார்க்கிறது. கடைசி இடத்தில் வருபவர் எல்லாருக்கும் டீ சொல்ல வேண்டும். பணம் விலகியதால் ஆய்வு தூய்மை அடைந்தது. சண்டைதான் குறையவில்லை.

ரைடரைத் தேர்வதில் ஆய்வுக்கு வேலையே இல்லை. யார் அதிகம் பாடப்போகிறாரோ, அதாவது ரைடு போகப்போகிறாரோ, அவரை எடுத்தால் தீர்ந்தது. தடுப்பாளர் விஷயம் அப்படி அல்ல. 2017-ல் பிரதீப் நர்வால் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளிகள் எடுத்தார். ஒரு சீசனில் நூறு டேக்கிள் புள்ளிகளைத் தொட்ட முதல் தடுப்பாளர் நிதேஷ் குமார். அடுத்த சீசனில், மிகச் சரியாக 100. ஆகப் பெரிய பாட்டுக்கும் ஆகப் பெரிய பிடிக்கும் இடையே ஏறத்தாழ நாலுக்கு ஒன்று என்ற கணக்கு.

விலையைப் பார்த்தால் கதை மாறுகிறது. 2018 ஏலத்தில் புரோ கபடியின் முதல் கோடீஸ்வரர் ஆனவர் ஈரானைச் சேர்ந்த இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலி. 2023 ஏலத்தில் ரைடர் பவன் ஷெராவத் 2 கோடியே 60.5 லட்சத்துக்குப் போனார். பிடியால் பெயர்பெற்ற முகமதுரேசா ஷாத்லூயி 2 கோடியே 35 லட்சத்துக்குப் போனார். புள்ளியில் நாலில் ஒன்று, விலையில் பத்தில் ஒன்பது. பணம் போடுகிற முதலாளிகள் ஏமாளிகளா, புள்ளி அட்டவணை ஏமாளியா என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

2. மூன்று மரபுகள்

ஆற்றின் போக்கிலேயே மூன்று ஆய்வு மரபுகள் இங்கே நிலவுகின்றன.

மேல்நதி மரபினர் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கத்தவர், சராசரியை நம்புபவர்கள். போன ஐந்து ஆட்டங்களில் என்ன எடுத்தார் என்று கூட்டிக் கழித்துப் பார்க்காமல் யாரையும் தொடமாட்டார்கள். நடுநதி மரபு ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் உரியது. கிரெடிட்டை எல்லாம் ரைடர்மேல் கொட்டிவிட்டு, மிச்சச் சில்லறைக்கு எந்தத் தடுப்பாளர் கிடைக்கிறாரோ அவரே உத்தமர் என்பது இவர்கள் கொள்கை.

கீழ்நதி மரபு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் மணத்தி கணேசன் இந்தப் பக்கத்துக்காரர் என்பதால், மற்ற இரு மரபுகளையும் இவர்கள் மதிப்பதில்லை. இம்மரபின் மூத்த அறிஞர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். கோயில் கொடைகளை ஒட்டி நடக்கும் மின்னொளிப் போட்டிகளில் இடது கார்னரில் நின்றவர். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. டீ கிளாஸை மூன்று விரலால் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது:

“ஏலே, மூஞ்சியவும் மார்க்கையும் பாத்து ஆள எடுக்காத. காலப் பாரு. குதிங்கால் தரையில பட்டுட்டுன்னா அவன் இன்னைக்குப் பிடிக்க மாட்டான்.”

“டி.வி.ல குதிங்கால எங்க அண்ணாச்சி காட்டுதான்?”

“அதுக்கு நான் என்னல செய்ய?”

முறையியல் சார்ந்த இந்தத் தடை இன்றுவரை நீங்கவில்லை.

3. கார்னர் இயல்

தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் கார்னர் ஏன் புள்ளி எடுக்கிறார் என்பதை அறிய ஒரே ஒரு பிடியைக் கூர்ந்து பார்த்தால் போதும். எதிரில் ஆறு பேராவது நின்றால்தான் ரைடருக்குப் போனஸ் கிடைக்கும். அதற்கு அவர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்ற வேண்டும். அந்நேரம் பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். ஆக, முப்பது நொடிப் பாட்டில் ரைடர் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கணம் இருக்கிறது. கார்னர் காத்திருப்பது அதற்குத்தான். குனிந்த நிலையிலிருந்து பாய்ந்து, ஊன்றிய காலின் கணுக்கால்மேல் இரண்டு கையையும் பூட்டி, மற்றக் காலின் உதை விழாதபடி முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொள்வார். பிறகு மூன்று பேர் மேலே விழுவார்கள். அணிக்கு ஒரு புள்ளி. அது பெரும்பாலும் முதலில் கைவைத்த கார்னர் பெயரில் ஏறும். மேலே விழுந்த மூவருக்கும் உடம்புவலி மட்டும் மிஞ்சும்.

இந்தப் பிடிக்கு வயது தடை இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்து திருச்சனம்பூண்டியில் பிறந்த வலது கார்னர் தர்மராஜ் சேரலாதன், நாற்பதைக் கடந்த பிறகு, 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். வடநாட்டு வீரர்களும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். ஆகவே, பிறந்த வருடத்தைப் பார்த்து ஆளைக் கழிக்கும் நடுநதி மரபின் பழக்கம் ஆதாரமற்றது.

4. கவர் இயல், அல்லது அச்சத்தின் கணிதம்

கவர் நடுவாக்கில் நிற்பவர். ரைடர் உள்ளே வரும்போது ஓரடி முன்னால் வந்து தோளைக் காட்டுவார். ரைடர் பின்வாங்குவார். மறுபடி வருவார், மறுபடி தோள். முப்பது நொடியும் தீர்ந்து வெறுங்கையோடு திரும்புவார். நடுவர் எதையும் எழுதமாட்டார், நோட்டிலும் எதுவும் ஏறாது. ஆனால் இப்படி இரண்டு பாட்டு வெறுமையாகப் போனால், மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். கட்டாயத்தில் உள்ளே பாயும் அந்த ரைடரின் கணுக்கால் நேராகக் கார்னர் கைக்குப் போகிறது. கவர் விதைக்கிறார், கார்னர் அறுக்கிறார், நாம் கார்னரைக் கேப்டனாக்குகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய அநீதி அல்ல. அமெரிக்கக் கால்பந்தை வைத்து இதே கற்பனை ஆட்டத்தை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தடுப்பை ஓர் அணியாக, மொத்தமாகவே எடுக்கிறார்கள். தடுப்பாளர்களைத் தனித்தனியே எடுக்கும் போட்டிகளில் அவர்களுக்கும் இதே தலைவலி. அங்கே கார்னர்பேக் என்று ஒருவர் உண்டு. டேரல் ரேவிஸ் என்பவர் நின்ற பக்கம் பந்தை எறியவே எதிரணி தயங்கியது. அந்தப் பக்கத்துக்கு ‘ரேவிஸ் தீவு’ என்று பெயரே வைத்தார்கள். பந்து வராத இடத்தில் புள்ளி ஏது? ஆகவே அங்குள்ள அனுபவசாலிகள், புதிதாக வந்த, எதிரணி குறிவைத்து எறிகிற கார்னர்பேக்கைத்தான் தேடி எடுக்கிறார்கள். உலகெங்கும் விதி ஒன்றே. பயப்படவைப்பவன் பட்டினி கிடப்பான், சீண்டப்படுகிறவன் சம்பாதிப்பான்.

5. வறுமைக் கோட்பாடு

களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள்; ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. நான்கு பேரைப் பறிகொடுத்த அணிக்குத்தான் இந்தச் சலுகை. எனவே, நன்றாக ஆடும் அணியின் நல்ல தடுப்பாளரைவிட, அடிவாங்கும் அணியின் நல்ல தடுப்பாளர் நோட்டுக்கு லாபமானவர்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அடிவாங்கும் அணியின் தடுப்பாளர் தானே அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அவசரக் கை உள்ளவர் முதலில் பாய்ந்து முதலில் வெளியேறுவார். சூப்பர் டேக்கிள் வரும் வேளையில் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருப்பார். ஆகவே, தோற்கும் அணியில் கடைசிவரை நிற்கும் கார்னரே தேர்வுக்குரியவர் எனக் கோட்பாட்டைத் திருத்திக்கொள்க.

6. ஊர்ப்பற்று

2017-ல் தமிழ் தலைவாஸ் வந்ததிலிருந்து எங்கள் ஆய்வின் நடுநிலை கெட்டுப்போனது. 2025 தீபாவளிக்கு ‘பைசன் காளமாடன்’ என்ற கபடிப் படம் வெளியான பிறகு ரைடர் மோகமும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சான்று தரலாம். 2022-ல் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் கொடுத்துப் பவன் ஷெராவத்தை வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே எதிரணி ரைடரைப் பிடிக்கப்போய் முழங்காலில் அடிபட்டு அவர் சீசன் முடிந்தது. கேப்டன் பொறுப்பு வலது கார்னர் சாகரிடம் வந்தது. சாகர், சாஹில், மோஹித், அபிஷேக் என்ற இளம் தடுப்பு வரிசையை வைத்துக்கொண்டு அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. பாடத் தெரிந்தவர் பிடிக்கப்போனால் என்ன ஆகும், பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே சீசனில் இரண்டு பாடம்.

7. முடிவுகள்

முதலாவது: இரண்டு தடுப்பாளர் போதும்; இருவரும் கார்னராக இருக்கட்டும். இரண்டாவது: அவர்களில் ஒருவர் தோற்கக்கூடிய அணியில் இருக்கட்டும். மூன்றாவது: இறங்கும் ஏழு பேர் பட்டியல் வரும்வரை நோட்டில் பேனாவால் எழுதாதீர்கள், பென்சிலே உகந்தது. நான்காவது: மையக் கேள்விக்கு விடை, முதலாளிகள் ஏமாளிகள் அல்லர். அட்டவணை பிடியை எண்ணுகிறது, பயத்தை எண்ணத் தெரியாமல் விழிக்கிறது. அவர்கள் காசு கொடுப்பது பயத்துக்கும் சேர்த்து.

ஆகவே, வாசகர்களே, கவரை நோட்டில் எழுத வேண்டாம். ஆட்டத்தில் அவரையே பாருங்கள். தடுப்பாளர் யாரையும் கேப்டனாக்க வேண்டாம். ஆக்கித்தான் தீருவேன் என்று ஆக்கினால், அன்றைய டீக்காசுக்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.