ஒழுக்கமான களவுக்கு மூணு கிரெடிட்டு

ஏ ஆத்தா, அந்தப் போனைக் கவுத்து வச்சிட்டு இப்படி வந்து உக்காரு. ராத்திரி பூராம் திண்ணையில லைட்டு எரிஞ்சுச்சே, புள்ள உருகி உருகிப் படிக்குதுன்னு நானும் இருமாம கொள்ளாமப் படுத்துக் கெடந்தேன். காலையில உன் அப்பத்தா சொல்லித்தான் தெரியுது. அடுத்த செமஸ்டருக்கு எந்த எலெக்டிவ் எடுக்குறதுன்னு உங்க வகுப்பே குரூப்புல கூடி விடிய விடிய வழக்குப் பேசியிருக்கீக. நாளன்னிக்குப் பரீட்சை. படிக்காம இருக்குறதுக்கு இம்புட்டு கௌரவமான காரணம் எங்க காலத்துல யாருக்கும் அகப்படல.

சரி, ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சு. அந்தப் பட்டியலை வாசி, நானும் கேக்குறேன். கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளைகளுக்குக் கட்டுக் கட்டாப் பிரிச்சு வச்சிருக்காகளாமே, வெர்டிகலோ என்னமோ. டேட்டா சயின்ஸ் ஒரு கட்டு, கிளவுடு ஒரு கட்டு, சைபர் செக்யூரிட்டி ஒரு கட்டு. மேகத்தையும் கட்டி வச்சுட்டாக, மழைதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்குது. அடுத்து என்ன? கேம் டெவலப்மென்ட்டா? அதை உன் தம்பி மூணு வருசமா ராப்பகலாப் படிச்சுக்கிட்டுத்தான இருக்கான், அவனுக்கு யாரும் கிரெடிட்டு குடுக்கலியே. அதுக்கடுத்து? எத்திக்கல் ஹேக்கிங்கா? அப்படின்னா? ஓஹோ, பூட்டுன வீட்டுக்குள்ள சொந்தக்காரன் சம்மதத்தோட பூந்து, எந்தச் சன்னல் லூசா இருக்குன்னு அவன்கிட்டயே சொல்றது. ஒழுக்கமான களவு! அதுக்கு மூணு கிரெடிட்டு வேற. நம்ம பக்கத்துல அந்தக் காலத்துல காவல்காரன்னு ஒருத்தன் இருந்தான் தாயி, அவனும் இந்தப் படிப்புத்தான். சான்றிதழ்தான் குடுக்கல.

நீ எதை எடுக்கப் போற? "எதுல மார்க்கு ஈஸியா வருதோ அது." அப்படிச் சொல்லு. அதை எப்படித் தெரிஞ்சுக்கிட்ட? சீனியர் சொன்னானா. ஆத்தா, நான் மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு எத்தனையோ தரம் போனவன். சீனியர் பேச்சு தரகன் பேச்சு. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு ஒரு விலை சொல்லுவான், நம்ம காதுல வேற விலை சொல்லுவான், மாடு வீட்டுக்கு வந்து உதைக்கையில ஆளே இருக்க மாட்டான். அவன்கிட்ட "ஈஸியா இருந்துச்சா"ன்னு கேக்காத. "அந்தப் பேப்பர்ல இன்னிக்கும் உனக்கு என்ன ஞாபகம் இருக்கு"ன்னு கேளு. மூஞ்சியப் பாரு. ஒருத்தன் தலையச் சொறிஞ்சா அந்தப் பேப்பரை விட்டுரு. ஒருத்தன் கேட்ட கேள்விக்கு மேல பேச ஆரம்பிச்சா, டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சுக் கேளு. அடுத்த கேள்வி, நடத்துனது யாரு. பாடத்தோட பேரு பல்கலைக்கழகம் வச்சது, பாடத்தை நடத்துறது ஒரு மனுசன். நல்ல வாத்தியார் நடத்துனா சிமெண்டு பத்தின பாடங்கூட இனிக்கும். ஆகாத வாத்தியார்கிட்ட சினிமாவே கசந்து போகும்.

சினிமான்னதும் நினைப்பு வருது. ஃபிலிம் அப்ரிசியேஷன்னு ஒரு பாடமும் இருக்காமே? கட்டாயப் பாடம், ஆனா கிரெடிட்டு கெடையாதுன்னு நீதான சொன்ன. அந்த வரிசையில இலக்கியம் இருக்கு, பேரிடர் மேலாண்மை இருக்கு, யோகாவும் சித்த மருத்துவமும் இருக்கு, இந்தியாவுல விஞ்ஞானம் வளந்த கதை இருக்கு. ஒரு மனுசன் சாகுற மட்டும் பேசிக்கிட்டு இருக்கக்கூடிய சங்கதிகளை எல்லாம் ஒண்ணாச் சேத்து, அதுக்கு மட்டும் கிரெடிட்டு இல்லைன்னு வச்சுட்டாக. நீங்களும் அந்த மணி அடிச்சாத்தான் கடைசி பெஞ்சுல தூங்குறீக. கிரெடிட்டு இல்லாத பாடத்துலதான் வாத்தியாரும் பயம் இல்லாமப் பேசுவாரு. அங்க முழிச்சுக்கிட்டு இரு, தூங்குறதுக்கு வேற வகுப்பா இல்ல?

ஓப்பன் எலெக்டிவ்னு ஒண்ணு, வேற துறைக்காரவுக பாடம். அர்பன் அக்ரிகல்ச்சர்னு ஒண்ணு, பாரம்பரிய இந்திய உணவுன்னு ஒண்ணு, குடிதண்ணி வழங்குறதும் சுத்தம் பண்றதும்னு ஒண்ணு. நல்லாத்தான் இருக்கு. வீட்டுல கேப்பைக் கூழைக் கண்டா மூஞ்சியத் திருப்புறவ, காலேஜ்ல போயி அதையே அஞ்சு யூனிட்டாப் படிச்சு எழுதப் போறா. எடுத்துக்க, வேண்டாங்கல. ஆனா இன்டர்னல் மார்க்கு உன் அப்பத்தாதான் போடணும். அவ போடுறதைப் பாத்தா அரியர்தான்.

இம்புட்டு யோசிச்சியே, ஒண்ணை மறந்துட்ட. போன தடவையும் இப்படித்தான விடிய விடியப் பேசுனீக, கடைசியில என்ன ஆச்சு? எச்.ஓ.டி. அம்மா வந்து, "இந்தப் பேப்பர் நடத்தத்தான் ஆள் இருக்கு, எல்லாரும் இதையே எடுங்க"ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாக. அவுகளைக் குத்தம் சொல்லல. பட்டியல்ல அம்பது பேரு எழுதி வைக்கிறது லேசு, அம்பதுக்கும் வாத்தியார் புடிக்கிறது யாரால ஆகும். பெரிய காலேஜ்ல நெசமாவே நாலஞ்சு கதவு தொறந்திருக்கும், உங்க மாதிரி காலேஜ்ல ஒரு கதவைத் தொறந்து வச்சுட்டு அதுக்கு விருப்பப் பாடம்னு பேரு வச்சிருக்காக. யாரோட விருப்பம்னு நான் கேட்டா எனக்கு வாய்க்கொழுப்புங்குற.

அதுக்காக மூக்கைச் சிந்தாத. ஒரு சின்ன சந்து இருக்கு. என்பிடெல்னு சொல்றாகளே, ஐஐடி வாத்தியாருக கம்ப்யூட்டர்ல வந்து நடத்துறது. 12 வாரப் பாடம் ஒண்ணு முடிச்சா 3 கிரெடிட்டு, துறையில முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிட்டா எலெக்டிவ்வுக்குப் பதிலாக் கணக்குல வச்சுக்குவாக. வாராவாரம் குடுக்குற அசைன்மென்ட்டுக்கு 25, சென்டருக்குப் போயி எழுதுற பரீட்சைக்கு 75. இதுல ஒரு சூட்சுமம், உங்க கிளாஸ்ல பாதிப் பேரு அந்த அசைன்மென்ட்டுக்கு விடையை டெலிகிராம்ல இருந்து எடுத்துப் போடுறீக. 25 வந்துரும். 75-க்கு டெலிகிராமைத் தூக்கிக்கிட்டு உள்ள விட மாட்டாக.

எதை எடுக்கணும்னு என்னைய நேராக் கேட்டேன்னா, நான் சொல்ற அளவுகோல் ஒண்ணுதான். பரீட்சைக்கு வராதுன்னு தெரிஞ்சும் நீ ஒரு கேள்வி கேப்பியா அந்தப் பாடத்துல? கேப்பேன்னா எடு. முதல் வருசத்துல "தமிழரும் தொழில்நுட்பமும்"னு ஒரு பேப்பர் படிச்சியே, ஞாபகம் இருக்கா? அணை, ஏரி, குளம், மதகு, சோழர் காலத்துக் குமிழித் தூம்புன்னு ஒரு யூனிட்டு. அதுக்கு நீ படம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்த. கண்ணை மூடிக்கிட்டு, "குமிழித் தூம்பு என்பது", "குமிழித் தூம்பு என்பது"ன்னு. நான் கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். நம்ம கம்மாய்க்குள்ள, கரையில இருந்து கொஞ்சம் தள்ளி, ரெண்டு கல்லுத் தூணு நிக்குது பாரு, நடுவுல குறுக்குக் கல்லு போட்டு? சின்னப் புள்ளையில, தண்ணி வத்துன காலத்துல, அதுலதான் நீ பாவாடையக் காயப் போட்ட. அதுதான் தாயி அந்த "என்பது."

அதுக்கு அடியில கல்லுத் தொட்டி இருக்கு. மேல ஒரு துவாரம், அது நீரோடி. தரையோட தரையா அதுக்குக் கீழ சின்னத் துவாரங்க, அது சேறோடி. கம்மாய் நெறஞ்சு கெடக்கையில நீர்பாய்ச்சி மூச்சடக்கி உள்ள முங்கிப் போயி மேல்மூடியத் தூக்குவான். தண்ணி உள்ள எறங்குற வேகத்துல, அடியில கெடக்குற சேத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு, கரைக்கு அடியில போற கால்வாய் வழியா வயலுக்குப் போயிரும். கம்மாயிலயும் தூர் சேராது, வயலுக்கும் வண்டல் கெடைக்கும். மேல பாத்தா தண்ணி குமிழி விட்டுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான் வெளிய தெரியும். கரை ஒடையாம, ஒரு மோட்டார் இல்லாம, ஒரு யூனிட் கரண்டு இல்லாம. புதுக்கோட்டைச் சீமையில பல தூம்புக் கல்லுல, யாரு வச்சுக் குடுத்தான்னு கல்வெட்டே இருக்கு. இதை அன்னிக்கு நான் சொன்னப்ப நீ என்ன கேட்ட? "ஐயா, இது 13 மார்க்குக்கு வருமா?" நான் கட்டில்ல அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். வந்துச்சா? வரலியா. நல்லா வேணும்.

சரி, நாளன்னிக்குப் பரீட்சைக்கு வருவோம். அந்த மார்க்குக் கணக்கை நான் விசாரிச்சு வச்சிருக்கேன், நீ விசாரிச்சியான்னு தெரியல. இன்டர்னல் 40, பல்கலைக்கழகப் பரீட்சை 60. ரெண்டும் சேந்து 50 வரணும், அதோட பெரிய பரீட்சையில மட்டும் தனியா நூத்துக்கு 45-ஆவது வரணும். அதாவது, வாத்தியாருக்கு வணக்கம் போட்டுப் போட்டு 40-க்கு 40 வாங்கி வச்சிருந்தாலும், அங்க 44 எடுத்தா யூ கிரேடுதான், ஃபெயிலு. வணக்கத்துக்கு எல்லை 40-லயே முடிஞ்சு போகுது. நல்ல ஏற்பாடு.

கேள்வித்தாளையும் பாத்தேன். 2 மார்க்கு 10, 13 மார்க்கு 5, கடைசியில 15 மார்க்கு ஒண்ணு. அந்த 13 மார்க்குல ஒவ்வொண்ணுலயும் "அல்லது" போட்டிருக்கான். பாடம் எடுக்கையில உனக்குக் கெடைக்காத "அல்லது" எல்லாம் இங்கதான் வந்து உக்காந்திருக்கு. ஆனா ஏமாந்துறாத. நீ, "அஞ்சாவது யூனிட்டைச் சாய்ஸ்ல விட்டுட்டேன்"னு போன்ல பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தியே, அங்கதான் இடிக்குது. ரெண்டு கேள்வியும் ஒரே யூனிட்டுல இருந்துதான் வரும். யூனிட்டை விட்டா 13-ம் போச்சு, அதுல வர்ற 2 மார்க்கு ரெண்டும் போச்சு, ஆக 17. விடுறதா இருந்தா ஒவ்வொரு யூனிட்டுலயும் பாதியை விடு. முழுசா விடுறவன் கணக்குத் தெரியாதவன், நீ கணக்குப் படிச்சவளாச்சே. மூணு மணி நேரத்துக்கு நூறு மார்க்குன்னா ஒரு 13 மார்க்குக்கு இருபத்து மூணு நிமிசம். முதல் கேள்விக்கு ஒரு மணி நேரம் கோலம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காத.

"இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்"னு ஒண்ணு ராத்திரி பன்னண்டு மணிக்கு வந்துச்சாம், வந்ததும் படிச்சதெல்லாம் மறந்து போச்சாம். அதை அனுப்புனவன் யாரு? அவனும் நாளன்னிக்கு அதே பரீட்சை எழுதப் போறவன். அவனுக்குத் தெரிஞ்சிருந்தா உனக்கு ஏன் அனுப்புறான்? அவன் அப்பன் வீட்டு அச்சாபீஸ்லயா வினாத்தாள் அடிக்கிறாக?

படிக்கிறேன் பேர்வழின்னு அந்த நோட்டை மஞ்சக் கலர், பச்சைக் கலர் எல்லாம் போட்டுக் கோலமாக்கி வச்சிருக்க. பாக்க லட்சணமா இருக்கு. இப்ப அதை மூடிட்டு உன் அப்பத்தாகிட்டப் போயி உக்காந்து, அதுல என்ன இருக்குன்னு சொல்லு. அவளுக்கு ஒண்ணும் புரியாது, அதுதான் விசேசம். "அப்படின்னா என்னடி"ன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் கேப்பா. எங்க திக்குதோ அங்கதான் உனக்குத் தெரியலைன்னு அர்த்தம், அந்த இடத்தை மட்டும் தொறந்து பாரு. மறுக்கா மறுக்கா வாசிக்கையில எல்லாம் தெரிஞ்ச கணக்காத்தான் இருக்கும். மூடிட்டுச் சொல்லையிலதான் வண்டவாளம் தெரியும்.

தூங்கு. ராப்பூராம் முழிச்சு டீயாக் குடிச்சுட்டு, பத்து மணிக்கு ஹாலுக்குள்ள போயி கொட்டாவி விட்டா, கண்காணிப்பாளரும் சேந்து விடுவாரு, மார்க்கு விடாது. படிச்சது மண்டையில தங்குறதே தூக்கத்துலதான்னு டாக்டருகளே சொல்றாக. நான் சொன்னா மட்டும் உனக்குக் கிழவன் உளறல்.

பிள்ளையார்பட்டிக்குப் போயி ஹால் டிக்கெட்டை வச்சு எடுத்துட்டு வரணும்னு உன் அம்மா சொன்னா. போயிட்டு வாங்க. ஆனா அந்தச் சாமி மகாபாரதம் எழுதுனது வியாசர் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல. உனக்கு ஹால்ல சொல்றதுக்கு ஆள் போட மாட்டாக. இன்னொண்ணு, அவருக்கே எழுதுற மத்தியில எழுத்தாணி போயி தந்தத்தை ஒடிச்சு எழுதுனாருங்குறாக. நீ ரெண்டு பேனாவா எடுத்துட்டுப் போ.

அரியர் வந்துருமோன்னு பயமா? வந்தா என்ன, வானமா இடிஞ்சு விழுந்துரும். அடுத்த ஏப்ரல்ல எழுதிக்க. சந்தேகம்னா விடைத்தாள் நகல் வாங்கிப் பாரு, மறுமதிப்பீட்டுக்குப் போடு. ஆனா 2020-ல வந்த மாதிரி இன்னொண்ணு வரும்னு மட்டும் காத்திருக்காத. கொரோனா சமயத்துல பணம் கட்டுன அரியர் எல்லாம் பாஸ்னு அரசாங்கம் அறிவிச்சதும் பயலுக போஸ்டர் அடிச்சுக் கொண்டாடுனானுக. பெறகு கோர்ட்டு, அதெல்லாம் ஆகாது, பரீட்சை வைங்கன்னுருச்சு. போஸ்டர் காசும் போச்சு.

போ, போயி ரெண்டாவது யூனிட்டை எடு. இரு, இரு, ஒரு வேலை. அந்த என்பிடெல்லுல சேர வயசு வரம்பு எதுவும் இல்லையாமே? பாடம் கேக்குறதுக்குக் காசும் வேண்டாம், பரீட்சைக்குத்தான் காசுங்குற. பாசனம், கம்மாய்னு ஏதாச்சும் இருந்தா என் பேரைப் போட்டு விடு. அசைன்மென்ட்டை நானே பண்ணிக்கிறேன், டெலிகிராம் பக்கம் போக மாட்டேன். பரீட்சைக்குக் காசு கட்டாத. அந்த ஐஐடி வாத்தியார் குமிழித் தூம்பைப் பத்தித் தப்பாச் சொன்னாருன்னா, அவருக்கு நான்தான் மார்க்குப் போடுவேன்.