குக்கர் ஊதாத விசில்

ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னின் முதுகில் ‘பீட்’ என்று ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. 1, 2 என இரண்டு நிலை. சிங்கப்பூரிலிருந்து அதைத் தூக்கிவந்த மாமாவுக்கே எதற்கென்று தெரியாது. பீட் என்றால் தாளம்தானே? டப்பாங்குத்துக்கு 2, தாலாட்டுக்கும் வசனத்துக்கும் 1 என்று நானே சட்டம் போட்டு, வருஷக்கணக்கில் தள்ளிக்கொண்டிருந்தேன். 2-இல் தபேலா தூக்கலாக இருப்பதாக அண்ணன் சத்தியமே செய்தான்.

ஞாயிறு ரேடியோவில் வரும் சினிமா ஒலிச்சித்திரத்தை ரெக்கார்டு செய்தால் வீடே மௌன விரதம். சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் அப்பா தும்மலைத் துண்டுக்குள் புதைப்பார். பாட்டியின் வெற்றிலை உரல் பாதியில் நிற்கும். அப்படியும் கேசட்டைப் போட்டால், வசனத்துக்குப் பின்னால் ‘உய்ய்ங்’ என்று மெல்லிசாக ஒரு விசில். பழி அம்மாவின் குக்கர்மேல் விழுந்தது. அடுத்த வாரம் முதல் ஒலிச்சித்திரம் முடிந்தபிறகுதான் உலை. விசில் நிற்கவில்லை, சந்தேகம் பக்கத்து வீட்டுக் குக்கருக்கு நகர்ந்தது.

ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டினார். “ரேடியோவிலேர்ந்து நேரா ஹெட்டுக்கு ஒயர் போகுது பாரு. இதுல மைக்குக்கு வேலையே இல்ல. பக்கத்துல நாயனமே வாசிச்சாலும் டேப்புல ஏறாது.”

“அப்ப விசில்?”

“பெட்டியே ஊதுது தம்பி.”

ஒலி கரகரக்காமல் டேப்பில் பதிய, காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ‘பயாஸ்’ மின்னோட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைத் தரும் ஆசிலேட்டர் 60.1 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதாக வையுங்கள். அதன் மடங்குகளும் மெல்லக் கசியும்; 12 மடங்கு 721.2. சென்னை வானொலியோ மத்திய அலையில் 720. ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஏரியல் இரண்டையும் பிடித்துவிட, மிச்சம் 1.2 கிலோஹெர்ட்ஸ். அதுதான் ‘உய்ய்ங்’. பீட் சுவிட்ச் ஆசிலேட்டரைக் கொஞ்சம் நகர்த்தி, இந்த மோதலை ரேடியோவுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடும். டப்பாங்குத்தில் விசில் கேட்காததற்குத் தவில்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன்!

பெட்டிக்கு வெளியே உண்மையான எதிரி எதிர்வீட்டு மிக்ஸி. அதன் பிரஷ்ஷில் பறக்கும் பொறி, சட்னி அரைபடும்வரை ஒரு வானொலி நிலையம். அதை அடக்க நம் பெட்டியில் சுவிட்ச் கிடையாது. செட்டைத் திருப்பித் திருப்பி, உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் நுனி மிக்ஸியைப் பார்க்கும்படி வைத்தால் இரைச்சல் அடங்கும். எங்கள் செட் அதன்பிறகு சுவரைப் பார்த்தே பாடியது.

ரிப்பேர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததுமே பீட் சுவிட்சை 2-க்குத் தள்ளினேன். விசில் போயே போய்விட்டது. அம்மாவிடம் மட்டும் குக்கரை வைக்கச் சொன்னேன். ஒயர் விஷயம் பற்றி அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிறு ஒரு மணி நேரமாவது அவர் என் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசாமல் இருந்தார்.