பேண்டமோனியம்: பேய்கள் தரப்பில் ஒரு மறுப்பு

நாடாளுமன்றத்தில் யாரேனும் தாளைக் கிழித்து எறிந்தால், மறுநாள் ஆங்கில நாளேடுகளில் 'பேண்டமோனியம்' என்ற சொல் தலைப்பேறுகிறது. அமளி துமளி என்று அகராதிகளும் பொருள் தருகின்றன. இப்பொருள் பிழையானது, இதனால் ஓர் இனத்துக்கே களங்கம் நேர்ந்துள்ளது என்பது இவ்வாய்வின் துணிபு. அவ்வினம் பேயினம்.

சொல்லின் பிறப்பில் ஐயமில்லை. 1667இல் வெளியான 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்காக ஜான் மில்டன் இதைச் செய்தார். கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம்; 'டைமோன்' என்றால் ஆவி; கடைசியில் ஒட்டியிருப்பது லத்தீன் வால். சாத்தானும் அவன் சகாக்களும் கூடும் நரகத் தலைநகருக்கு இட்ட பெயர் அது. ஆக, அது ஒரு முகவரி, கூச்சல் அன்று.

அங்கே நடந்ததுதான் என்ன? இன்னிசை ஒலிக்க மாளிகை மண்ணிலிருந்து எழுகிறது. மனிதர் ஒரு காலமெல்லாம் பாடுபட்டும் முடியாததைப் பேய்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் என்கிறார் மில்டன். ஒப்பந்தப்புள்ளி, திருத்திய மதிப்பீடு பற்றிய குறிப்பேதும் மூலத்தில் காணப்படவில்லை. கூட்டத்துக்கு இடம் போதவில்லை. அதற்காகத் தள்ளுமுள்ளு இல்லை; குள்ளரினும் சிறிதாக உடலைச் சுருக்கிக்கொண்டு எல்லாப் பேய்களும் உள்ளே அடங்கிவிடுகின்றன. (தலைவர்கள் மட்டும் சுருங்கவில்லை. இது எங்கும் உள்ளதே.)

அடுத்து விவாதம். மோளேகு போர் வேண்டும் என்கிறது. பேலியாள், சும்மா இருப்பதே சுகம் என்பதை நயமாக எடுத்துரைக்கிறது. மாமன் (உறவுமுறையன்று, பேயின் பெயரே அதுதான்) நரகத்தையே வளப்படுத்தலாம் என்றதும் அவையில் ஆதரவு முழக்கம். முடிவில் பெயல்செபூல், புதிதாகப் படைக்கப்பட்ட மனிதனைக் கெடுக்கும் திட்டத்தை முன்மொழிய, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது. திட்டம் சாத்தானுடையது, எல்லாம் முன்னேற்பாடு என்று மில்டனே போட்டு உடைக்கிறார். அப்படியும் வெளிநடப்பு இல்லை, யாரும் யாரையும் குறுக்கிடவும் இல்லை. பேய்கள்கூட ஒற்றுமையாயிருக்க மனிதர்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று அவ்விடத்திலேயே கவிஞர் வெட்கப்படுகிறார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மெய்யான குழப்பத்துக்கு மில்டன் தனி இடமே ஒதுக்கியிருக்கிறார். பித்தளையிலும் இரும்பிலும் வைரத்திலுமாக ஒன்பது அடுக்கு நரகக் கதவைத் தாண்டினால் கேயாஸ் மன்னரின் நாடு. உடன் வீற்றிருப்பவள் இரவு. அவையோர் வதந்தி, அமளி, பிணக்கு முதலானோர். இத்தனை கதவு போட்டுப் பிரித்து வைத்தும், 19ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலேயர் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டிவிட்டனர். பேய்கள் என்றாலே கத்தும் என்று காவியத்தைப் படிக்காதவர்கள் முடிவுகட்டியதே காரணம் எனலாம்.

எனவே நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவையில் நாற்காலி பறக்கும்போது கேயாஸ் என்றே எழுதுங்கள். பேண்டமோனியம் என்ற சொல்லை, தீர்மானம் விவாதத்தோடு நிறைவேறும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.