தாம்பரம் நடைமேடையில் தன்மைகாட்டி: ஓர் ஆய்வு

பத்தாம் வகுப்பில் தன்மைகாட்டியை ‘பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி’ என்று நெட்டுருப் போட்ட யாரும், அது எதற்கு ஆகும் என்று வாத்தியாரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருப்பார். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இங்கே அந்தக் கணக்கைக் காலால் போட்டுவருகிறார்கள். தாளில் போடும் எளிய முயற்சி இது.

வண்டி கிளம்புகிறது, நொடிக்கு நொடி அரை மீட்டர் வேகம் கூட்டுகிறது என்று கொள்வோம். மாடிப்படி இறங்கிய ஆய்வுப்பொருள் (இனி ‘ஆபீஸ்காரர்’) நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறார். கடைசிக் கதவு 16 மீட்டர் முன்னால் இருக்கிறது. ந என்பது அவர் கதவை எட்டும் நொடியானால், ந² − 20ந + 64 = 0. இருபதின் வர்க்கம் 400. அதில் 64-இன் நான்கு மடங்கான 256 போனால் 144. மிகை எண். ஆகவே மூலங்கள் இரண்டும் மெய்: 4, 16.

நாலாம் நொடி புரிகிறது. பதினாறாம் நொடி எதற்கு? படியில் தொங்க இடமில்லை என்று அந்தக் கதவை விட்டுவிட்டு முன்னால் ஓடினால், அதே கதவு பதினாறாம் நொடியில் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் அவரைத் தாண்டிப் போகும். அதில் ஏற முயலக் கூடாது. நாலாம் நொடியிலும் கூடாது என்பது ரயில்வேயின் கட்சி. ஆய்வாளரும் அதே கட்சி.

இடைவெளி 25 மீட்டரானால் தன்மைகாட்டி பூஜ்யம். மூலம் ஒன்றே ஒன்று, பத்தாம் நொடி. அப்போது வண்டிக்கும் ஆளுக்கும் ஒரே வேகம். கதவு பக்கத்தில் வந்து நின்றாற்போல் இருக்கும். ஆபீசில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பது இந்த வகையைத்தான்.

முந்தைய அறிஞர்கள் கோட்டைவிட்ட மாறி, சாம்பார் தூக்கு. அது கையில் இருந்தால் வேகம் 5-இலிருந்து 4-க்கு இறங்குகிறது. ஆனால் கணக்கில் வேகம் வர்க்கமாக வருவதால், எட்டிப் பிடிக்கும் தூரம் 25 மீட்டரிலிருந்து 16-க்கு விழுகிறது. ஒரு தூக்குக்கு ஒன்பது மீட்டர்!

(2025-இல் விட்ட ஏசி மின்ரயில் இந்த ஆய்வில் சேராது. அதன் கதவு தானாக மூடிக்கொள்ளும். ‘ஃபோர் ஏசி’க்கும் அதற்கும் உறவில்லை.)

இனி தூக்கில்லாமல் 30 மீட்டர் இடைவெளி. 400-இல் 480 போனால் மைனஸ் 80. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டிலேயே பீஜகணிதத்தில் சொல்லிவிட்டார். குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவர்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் வந்த கணிதம் இங்கே கலப்பெண் மூலங்களைத் தருகிறது. அவற்றின் மெய்ப்பகுதி 10. பத்தாம் நொடியில் கதவு ஐந்து மீட்டர் கிட்டத்தில் வரும். அதற்கப்புறம் விலகிக்கொண்டே போகும். ஆபீஸ்காரர் சரியாக அந்த நொடியில்தான் நிற்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு செல்போனை எடுத்துப் பார்க்கிறார், அந்த வண்டிக்காக ஓடவே இல்லை என்பதுபோல.