கால் இஞ்சு கணக்கு

உருளைக் கத்தி வாங்கியாச்சு. கட்டம் போட்ட வெட்டுப்பாய் வாங்கியாச்சு. தையல் மெஷின்ல சிவப்புக் கோடு காட்டுற லேசர் விளக்கும் மாட்டியாச்சு. சுங்கைப்பட்டாணிக் கடைக்காரனுக்கு நல்ல யாவாரம். ஏம் பாப்பா, ஒட்டுப்போர்வைக் கட்டம் மட்டும் ஏன் கோணிக்கிட்டு நிக்குது?

பீடோங் பக்கம் லயத்துல எங்க பொம்பளைங்க பழைய சேலை, கைலின்னு கிழிச்சு ஒட்டுப்போர்வை தைப்பாங்க. எவகிட்ட லேசர் இருந்துச்சு? விடியுமுன்ன நெத்தி விளக்கோட, 30 டிகிரி சரிவுல பால்மரம் வெட்டின கை அது. பட்டையில ஒரு மில்லி மிச்சம் வச்சுக் கத்தி நிக்கணும். தாண்டுனா மரம் புண்ணாகும், கங்காணி ஏசுவான். அந்தக் கைக்குக் கால் இஞ்சு ஒரு சுசாவா?

உன் கோளாறு தையல்ல இருக்கு. ஓரத்துக்குக் கால் இஞ்சு விடச் சொன்னா, மேற்கொண்டு ஒரு மாகாணி விடுற. பதினாறுல ஒரு பங்குதானேன்னு இளிக்கிற. ரெண்டு துணியிலயும் போகுதில்ல? தையலுக்கு அரைக்கால் இஞ்சு காலி. ஒன்பது துண்டுக்கு எட்டுத் தையல். முழுசா ஒரு இஞ்சு எங்க போச்சு, மெஷின் தின்னுருச்சா? அப்புறம் பக்கத்து வரிசை நெட்டை, இது குட்டை. இழுத்துப் புடிச்சுத் தச்சா சுருங்காம என்னா செய்யும்?

சரியா கால் இஞ்சுல தச்சாலும் மடிப்பு கொஞ்சம் துணியைத் தின்னும். ஓரத்துப் பக்கமா ஒரு நூல் தள்ளித் தை. அயனைத் துணிமேல இழுக்காதே, தூக்கித் தூக்கி வை. குறுக்குச் சாய்வுல வெட்டின துணி இழுத்தா நீளும்.

அமெரிக்காவுல அலபாமா ஜீஸ் பெண்ட் ஊர்ல, பருத்திக்காட்டுல பாடுபட்ட கறுப்பினப் பொம்பளைங்க பழைய வேலை உடுப்பைக் கிழிச்சுப் போர்வை தச்சாங்க. 2006-ல அதைத் தபால் தலையிலயே போட்டாங்க. அதுலயும் கோடு வளையும்னு நீ வாயைத் தொறக்குறது தெரியுது. அவங்க பாத்து வளைச்சாங்க. நீ தெரியாம வளைச்ச.

ஒன்றரை இஞ்சு அகலத்துல மூணு பட்டை வெட்டு. சேர்த்துத் தை. மொத்தம் மூன்றரை வரணும், நடுப்பட்டை ஒரு இஞ்சு நிக்கணும். நின்னா அக்கா கலியாணத்துக்குப் போர்வை தை. நிக்கலையா? பேசாம மொய் எழுதிடு.