மேண்டிலும் பதக்கமும்

1982 வாக்கில் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, விளக்கு வைக்கும் நேரத்தில் லேகியக்காரர் ஒருவர் கடை விரிப்பார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வேர்கள், எண்ணெய்க் குப்பிகள், செப்புத் தகடுகள். பாதி மலையாளம், பாதி தமிழ். கிழக்கே கையைக் காட்டி, எல்லாம் அகத்தியர் மலைச் சரக்கு என்பார். எப்படிக் குணமாகும் என்று கேட்டால் அகத்தியர் பெயரைத் தவிர அவரிடம் வேறு விளக்கம் கிடையாது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்த சித்தப்பா அந்தக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் அவர். லேகியத்தை விட்டுவிட்டு விளக்கைக் காட்டினார். "அந்த மேண்டில் வெள்ளையா எரியுது பாத்தியா மக்களே? தோரியம். நம்ம மணவாளக்குறிச்சி மண்ணுல உள்ள சாதனம்." 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டைக் கண்டறிந்த கதையை பஸ் வரும்வரை சொன்னார். எஸ்.எல்.வி-3 பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார் என்று நினைவு. இதே ஊரில், தும்பாவில் உருவாக்கிய ராக்கெட். 1979 ஆகஸ்டில் முதல் முறை ஏவியபோது கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்துவிட்டதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 1980 ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. "தோத்ததுக்குக் காரணத்தைத் தேடிச் சொன்னாம் பாரு, அதுதான் சயின்ஸ்" என்றார். எனக்கு அறிவியல் மீது வந்த மரியாதை அந்தச் சாலையோரத்தில் வந்தது.

2022இல் அதே சித்தப்பா திருவனந்தபுரத்துக்கு டாக்டரைப் பார்க்க வந்தார். எழுபத்தெட்டு வயது. சர்க்கரை ஏறிக் கிடந்தது. திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்குப் போனோம். லாரி பேக்கர் கட்டிய, சுற்றிச் சுற்றி ஏறும் அந்தச் செங்கல் கட்டடத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் கழுத்தில் கறுப்பாக, வட்டமாக ஒரு பதக்கத்தைக் கவனித்தேன்.

"ஸ்கேலார் எனர்ஜி உண்டு இதுல. நெகட்டிவ் அயான் விடும். செல்போன் கதிர்வீச்சத் தடுக்கும்." அவரிடம் படித்த பையன் ஒருவன் ஏழாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறான். பதக்கம் போட்டபின் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாராம்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. லேகியக்காரரை நம்பாத மனிதர் இவர். இவரைப் பிடித்தது எது? "அவன் மீட்டர் வச்சுக் காட்டினாம்டே, நம்பர் ஏறிச்சு" என்றார். அளந்து காட்டுவதை நம்பு என்று வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னவருக்கு, அளவுகருவியையே தூண்டிலில் மாட்டி நீட்டியிருக்கிறார்கள்.

அந்த மீட்டர் பொய் சொல்வதில்லை என்பதுதான் இதில் கொடுமை. இப்படி அயனி வெளிவிடுவதாக விற்கும் பதக்கங்கள் பலவற்றில் தோரியமோ யுரேனியமோ கலந்த தாதுத் தூள் இருக்கிறது. அதிலிருந்து வரும் கதிர்வீச்சு காற்றின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடுவதால்தான் அயனியே உண்டாகிறது. ஏறும் எண் கதிரியக்கத்தின் எண். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜியிலிருந்து காப்பதாக விற்ற பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டு, யாரும் அணியவேண்டாம் என எச்சரித்தது. நீண்ட நாள் தோலோடு ஒட்டி அணிந்தால் கேடு என்றது. கதிர்வீச்சைத் தடுக்க வாங்குகிற பொருளே கதிர்வீசுகிறது. அன்று லேகியக்காரரின் தலைக்கு மேல் ஒழுங்காக வெளிச்சம் தந்த தோரியம், இன்று நெஞ்சின்மேல் மருந்து வேடம் போட்டுத் தொங்குகிறது.

1954இல் வந்த மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டம், மாய சிகிச்சை என்பதில் தாயத்தையும் மந்திரத்தையும் கவசத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஏமாற்று அந்தக் கோலத்தில்தான் வரும் என்று அன்று நினைத்திருக்கிறார்கள். இன்றைய தாயத்துக்கு குவாண்டம் பதக்கம் என்று பெயர். தும்பாவில் தோல்வியை ஒப்புக்கொண்டு சம்பாதித்த நம்பிக்கையை, ஒரு சோதனையும் செய்யாதவர்கள் எடுத்துச் செலவழிக்கிறார்கள். லேகியக்காரர் அகத்தியரிடம்தான் கடன் வாங்கினார். இவர்கள் ஆய்வுக்கூடத்திடம் திருடுகிறார்கள். அதனால் இது அதைவிட மோசம் என்பேன்.

சித்தப்பாவிடம் பாடத்திலிருந்தே கேட்டேன். ஸ்கேலார் என்றால் என்ன? "திசை இல்லாத அளவு. நிறை, வெப்பநிலை, ஆற்றல்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். ஆற்றல் எப்போதுமே ஸ்கேலார்தான். அப்படியென்றால் 'ஸ்கேலார் எனர்ஜி' என்று தனியாக ஒன்று ஏது?

காபி ஆறிக்கொண்டிருக்க, அந்தப் பையனுக்குப் போன் போட்டார். "உடம்போட அதிர்வெண்ணைச் சரிபண்ணும்னு சொன்னியே, எதோட அதிர்வெண்? வினாடிக்கு எத்தன?"

"அது அடுத்த லெவல் ட்ரெயினிங்ல சொல்லுவாங்க சார்."

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மறுமுனையில் அவன் புதிதாக வந்திருக்கும் பெரிய தட்டு ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சித்தப்பா கேட்டு முடிக்கவில்லை. பதக்கத்தைக் கழற்றி அதன் உறைக்குள் போட்டார். ரயில் ஏறுமுன், டாக்டர் எழுதிய முழு அளவுக்கே மாத்திரை வாங்கினோம்.