ஏலம் போட்டவருக்கும் நன்றி

மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்திலேயே முதல் தலம். கைதட்டினோம். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்த நிலத்தையும் உள்ளே வைத்து 2015 ஹெக்டேரை மத்திய சுரங்க அமைச்சகம் டங்ஸ்டனுக்கு ஏலம் விட்டது. எடுத்தது இந்துஸ்தான் சிங்க். ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கே பத்து வருட வாரண்டி தருகிறார்கள். பாரம்பரியத்துக்கு இரண்டுதான்.

ஊர் கொதித்ததும் டெல்லி ஒரு விளக்கம் தந்தது. மொத்தப் பரப்பில் பல்லுயிர்த் தலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லையாம். அதை மட்டும் கழித்துவிட முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறை மறுபடி பார்க்குமாம். நல்ல ஏற்பாடு. மிச்ச ஒன்பது பங்கில் வெடி வைக்கும்போது, லகர் வல்லூறு தன் ஒரு பங்குப் பாறையில் காதைப் பொத்திக்கொண்டு அடைகாக்க வேண்டும். தேவாங்கும் அழுங்கும் ஏலக் குறிப்பைப் படித்துவிட்டு, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமாகவே ராத்திரி இரை தேட வேண்டும். மலையில் பெய்த மழை சுனையாகி, ஓடையாகிக் கண்மாய்க்கு இறங்குகிறது. அந்தத் தண்ணீருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம்.

தமிழக அரசு ஏலம் முடியும்வரை வாயே திறக்கவில்லை என்றது மத்திய அரசு. 2023-லேயே கடிதம் போட்டோம் என்றது கோட்டை. கடிதம் யார் மேசையில் தூங்கியது என்று இவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான பேர் புறப்பட்டார்கள். கிடைத்தது வழக்கு.

இவர்கள் யார்? மேலூரைச் சுற்றி மலை மலையாக கிரானைட் லாரியில் ஏறிப் போன காலத்திலேயே தங்கள் மலையைத் தொடவிடாதவர்கள். சமணர் படுகையும் பாண்டியர் குடைவரையும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன என்றால், அது எந்த அதிகாரியின் தயவும் அல்ல. எது மந்தை, எது நீர்ப்பிடிப்பு, கழுகு எந்தப் பாறையில் கூடு கட்டும் என்பதெல்லாம் இந்த ஊருக்கு மனப்பாடம். சம்பளம் வாங்காத நிலத் திட்டக் குழு அது. ஏலத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டீயும் வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. செயற்கைக்கோள் படம் இருக்கும்போது ஆடு மேய்ப்பவரிடம் என்ன கேள்வி?

ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. உடனே கிளம்பின கார்கள். வழக்கை வாபஸ் வாங்கிய கையோடு 26-ம் தேதி முதல்வர் பாராட்டு விழாவுக்கு வந்தார். 30-ம் தேதி மத்திய சுரங்க அமைச்சரும் வந்தார். வழக்குப் போட்டவருக்கும் நன்றி. ஏலம் போட்டவருக்கும் நன்றி. நம் ஜனங்களுக்கு மரியாதை தெரியும்.

அதே வருடம் செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. முக்கியக் கனிமங்களைத் தோண்ட இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. அந்தக் கனிமப் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது.